கறையானுக்கு வீட்டில் ஒரு பங்கு

அந்தக் காலத்தில் கறையான் பேசினால் மனுசருக்குக் கேட்கும். மனுசர் பேசினால் கறையானுக்கும் புரியும். ஓணான்கூட வாய் மூடாமல் பேசிக்கொண்டுதான் இருந்தது. அப்போது கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தேரி இருந்தது. கண்ணுக்கு எட்டும் தூரம் வரை சிவப்பு மணல். காற்று அடித்தால் ஒரு மேடு இங்கிருந்து எழுந்து அங்கே போய் உட்காரும். உச்சி வெயிலில் பார்த்தால் மணலே மெதுவாக மூச்சு விடுவது போல இருக்கும்.

அங்கே ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருசன் சொரிமுத்து பனையேறி. இருந்தது ஓலைக் குடிசை. வெயில் ஓலையில் புகுந்து தரையில் பொட்டுப் பொட்டாக விழும். அவளுடைய முதல் பிள்ளையை ஒரு சித்திரை மாதத்து வெக்கை கொண்டுபோய்விட்டது. இப்போது இரண்டாவது பிள்ளை, பொம்பளைப் பிள்ளை, பிறந்து நாற்பது நாள். மறுபடியும் சித்திரை வரப்போகிறது. பிள்ளையின் கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு. மார்பில் வைத்தால் இரண்டு தரம் சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஒரு மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிழல் தேடிப் போனாள். உடைமரத்தடியில் ஆள் உயரத்துக்கு ஒரு புற்று நின்றது. அதன்மேல் சாய்ந்தாள். அடியில் இருந்த துளைக்குள் விரல் போனது. கிணற்றுத் தண்ணீரில் விட்டது போலச் சில்லென்று இருந்தது.

"உள்ளே யாரு?" என்றாள்.

"நாங்கதான். வேலையா இருக்கோம். என்ன வேணும்?" என்று ஒரு கறையான் எட்டிப் பார்த்தது.

"உங்க வீடு மட்டும் எப்படி இப்படிக் குளுருது? எனக்கும் கொஞ்சம் மண்ணு தாறியளா? பிள்ளைக்கு ஒரு வீடு கட்டிக்கிடுதேன்."

கறையான் உள்ளே போய்த் தாய்க்கறையானிடம் கேட்டு வந்தது. "அம்மா தரச் சொல்லிட்டா. அடியில சுத்தி எடுத்துக்கோ. உச்சியில மட்டும் கை வச்சிராதே."

ஆவுடை தினமும் கூடை கூடையாக எடுத்தாள். குழைத்துக் குழைத்து ஒரு முழ அகலத்துக்குச் சுவர் எழுப்பினாள். சொரிமுத்து மேலே ஓலை வேய்ந்தான். வீடு எழும்பிவிட்டது. குடிசைக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனாலும் அந்தத் துளைக்குள் விரல் கண்ட குளிர்ச்சி வரவில்லை. பிள்ளையின் உச்சிக்குழி உள்ளே வாங்கத் தொடங்கியிருந்தது.

கடைசிப் பூச்சுக்கு மண் எடுக்கப் போனபோது மரத்தில் இருந்த ஓணான் கண்ணை உருட்டியது.

"என்னளா, பத்து நாளா உமியைத்தானே சுமக்கிற? அரிசி மேலேல்லா இருக்கு."

"அங்க கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

"பின்ன, குளிர்ச்சியைப் பூட்டி வச்ச இடத்தைத் தொறந்தா காட்டுவாவ?"

ஆவுடை குனிந்து பார்த்தாள். மாரோடு கட்டிய சீலையில் பிள்ளை அழக்கூடச் சத்து இல்லாமல் கிடந்தது. மம்பட்டியை ஓங்கினாள். ஒரே வெட்டில் உச்சி உடைந்து விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

அந்த மண்ணைச் சுவரில் பூசினாள். குளிர்ச்சி வெளியே ஓடிவிடக் கூடாது என்று சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடுக்கையெல்லாம் அடைத்தாள். கதவையும் சாத்தினாள். பிள்ளையை மடியில் போட்டுக் காத்திருந்தாள்.

கதவைத் திறந்த சொரிமுத்து முகத்தில் அடித்த வெக்கையில் பின்வாங்கினான். "ஏட்டி, நீ வீடு கட்டினியா, பனங்கிழங்கு அவிக்கப் பானை வச்சியா?"

பிள்ளையின் உடம்பு கொதித்தது. ஆவுடை அதைத் தூக்கிக்கொண்டு புற்றை நோக்கி நடந்தாள். ஏமாற்றிவிட்டீர்களே என்று நாலு கேள்வி கேட்கத்தான் போனாள்.

போய்ப் பார்த்தால், புற்று வாய் பிளந்து கிடந்தது. உள்ளே விரல் பருமனில் வெள்ளையாக, நகரக்கூட முடியாமல், தாய்க்கறையான் வெயிலில் கிடந்தாள். அவள் பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தங்கள் உடம்பாலேயே அவளை மூடப் பார்த்தன. மூடின வேகத்தில் சுருண்டு சுருண்டு விழுந்தன.

கேட்க வந்ததையெல்லாம் விட்டுவிட்டு ஆவுடை புற்றை ஒட்டி வந்தாள். முந்தானையை விரித்துப் பிடித்துக் குனிந்து நின்றாள். அந்த நிழலில் தாய்க்கறையான் கிடந்தாள். அதே நிழலில் தன் பிள்ளையையும் கிடத்தினாள். வெயில் அவள் முதுகில் மட்டும் விழுந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. தேரி அசைந்தது, வானம் அசைந்தது, அவள் அசையவில்லை. கறையான்கள் எச்சிலும் மண்ணுமாகக் குழைத்து வீட்டைத் திரும்ப எழுப்பின. பிளவு ஒரு கை அகலத்துக்குச் சுருங்கியபோது உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏளா, உன் பிள்ளைக்கு மூச்சு வாங்குதே."

"உங்க மண்ணுல குளிர்ச்சி இருக்குன்னு நெனச்சேன் தாயி. தப்புப் பண்ணிட்டேன்."

"மண்ணு வெயிலைத் தாங்கும், அவ்வளவுதான். சூடு மேலேதான் ஏறும். அது வெளியே போக உச்சியில வழி விட்டிருந்தோம். அது போகப் போக அடித்துளை வழியா ஈரக்காத்து தானா உள்ள வரும். நீ போற சூட்டைக் கதவடைச்சு உட்கார வச்சிட்டே. போ. வெயில் அடிக்கிற மேக்குச் சுவர் அடைச்சே இருக்கட்டும். கிழக்க, கடக்காத்து வர்ற பக்கம் தரையோட ஒரு துளை போடு, அது முன்னால பானையில தண்ணி வை. கூரைக்கு அடியில ஒரு துளை போடு. ஓடு."

ஆவுடை ஓடினாள். சொரிமுத்து பனம்பாளை சீவும் அரிவாளாலேயே துளை போட்டான். முதலில் உள்ளே கிடந்த வெக்கை பெருமூச்சு விட்டது போல மேலே போனது. அப்புறம் பானையைத் தடவிக்கொண்டு காற்று வந்தது. பிள்ளையின் நெற்றி முடி அசைந்தது. சாயங்காலத்துக்குள் அது மார்பைத் தேடிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, முழுசாகக் குடித்தது.

மறுநாள் ஆவுடை புற்றடிக்குப் போய்த் தயங்கி நின்றாள். "உங்க வீட்டை உடைச்சுட்டேன். இதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

தாய்க்கறையான் உள்ளிருந்து கேட்டாள். "உன் வீட்டுச் சுவர் எங்க மண்ணு. அப்ப அதுல எங்களுக்கும் பங்கு உண்டுல்லா?"

"உண்டு தாயி."

"மண்ணைத் திரும்பக் கேக்க மாட்டோம். உள்ள ஒரு உசுரு தூங்குது. மரம் ஏதாச்சும் இருந்தா, பசிக்கும்போது வந்து கொஞ்சம் தின்னுக்கிடுதோம்."

"எப்ப வேணும்னாலும் வாங்க. என்னைக் கேக்கவே வேண்டாம்" என்றாள் ஆவுடை.

அன்று முதல்தான் தேரிப் பக்கத்து மண்வீடுகளில் கீழே ஒரு துளையும் மேலே ஒரு துளையும் விடுகிறார்கள். அன்று முதல்தான் கறையானும் யாரையும் கேட்காமல் நம் வீட்டு நிலைக்கால் ஏறி வருகிறது.