பிளாஸ்திரிக் கோடு

"ஏழு வெள்ளிக்கிழமை ஏறியாச்சு சிஸ்டர். இன்னும் உச்சியில ஒரு கால் வைக்கலியே!"

மலையடிவாரத்தில் நின்று மாசானம் அண்ணாச்சி குறைப்பட்டார். கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது.

சிஸ்டர் ஜெபக்கனி குனிந்து ஷூ நாடாவை முடிந்துகொண்டிருந்தாள்.

"உச்சி அங்கதான் இருக்கு அண்ணாச்சி. ஓடியா போகும்?"

"அது ஓடாது. எனக்குத்தான் நாள் ஓடுது. ஞாயித்துக்கிழமை கையெழுத்துப் போடணும்லா?"

சிஸ்டர் நிமிர்ந்தாள். தன் பையிலிருந்து ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை எடுத்துப் பல்லால் ஒரு துண்டு கிழித்தாள்.

அது அரபு தேசத்துக் கடற்கரை நகரம். நகரம் முடிகிற இடத்தில், ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால், மலை சட்டென்று எழுந்து நின்றது. மருந்துக்குக்கூட ஒரு பச்சை கிடையாது. சுட்ட செங்கல் நிறத்தில், செங்குத்தாக, வெறும் பாறை.

அந்த ஊரில் அண்ணாச்சி இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். அவர் ஏற்றி இறக்கிய ஜனங்களை வரிசையாக நிறுத்தினால் திருநெல்வேலி வரைக்கும் நிற்கும். சொந்தக் காலால் ஏறியது என்னவோ இந்த ஒரு மலைதான்.

சிஸ்டர் குழித்துறைக்காரி. இந்த அரபு நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணாச்சியைவிடப் பதினைந்து வயது இளையவள். குருவுக்கு யார் வயது பார்க்கிறார்கள்? மனசு சரியில்லை என்று நம் ஊர்க்காரர்கள் யார் போய் நின்றாலும் அவள் புத்தி சொல்ல மாட்டாள். "வெள்ளிக்கிழமை ஷூ போட்டுட்டு வாங்க" என்பாள். பாதிப் பேர் முதல் வெள்ளியோடு கும்பிடு போட்டுவிடுவார்கள். அண்ணாச்சி மட்டும் விடவில்லை.

அவருக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் காகிதம் நீட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்; இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டும். "இன்னும் ரெண்டே வருஷம், பேச்சி" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லியே பன்னிரண்டு தடவை கையெழுத்துப் போட்டவர்தான். பதின்மூன்றாவது தடவை அப்படிச் சொல்ல பேச்சியம்மா இல்லை. போன ஆவணியில் போய்விட்டாள். அவர் ஊர் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். எல்லாம் முடிந்திருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

மகள் உலகம்மாளுக்கு இப்போது ஏழாம் மாதம். போனில் ஒன்றைத்தான் கேட்டாள்.

"தலப்பிரசவத்துக்குப் பூட்டுன வீட்டுக்காப்பா நான் வரணும்?"

அந்தக் கேள்வி அண்ணாச்சியின் நெஞ்சில் முள்ளாக நின்றது. போகவேண்டும் என்றும் இருந்தது. பேச்சி இல்லாத அந்த வீட்டின் கதவைத் திறக்க பயமாகவும் இருந்தது.

உச்சியில் நின்றால் அந்தப் பக்கம் கடல் தெரியும், கடலுக்கு நேர் கிழக்கே நம்ம ஊர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கே நின்று பேச்சியிடமே கேட்டுவிடுவது என்று அண்ணாச்சி முடிவு செய்திருந்தார். இருக்கவா, வரவா? அவள் என்ன சொல்கிறாளோ அது.

ஆனால் உச்சிக்கு விட்டால்தானே!

சிஸ்டருக்கு ஒரு சட்டம் உண்டு. ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர். பாட்டிலின் நட்டநடுவில் பிளாஸ்திரி ஒட்டுவாள். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வந்ததும், எங்கே நின்றாலும் சரி, திரும்பிவிட வேண்டும். உச்சி பத்தடியில் இருந்தாலும் பேச்சுக்கு இடமில்லை.

போன வாரம் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. உச்சிப் பாறையின் நிழல் அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

"சிஸ்டர், அந்தா இருக்கு!"

"பிளாஸ்திரி இந்தா இருக்கு."

"நீங்க என்னைக்காவது உச்சிக்குப் போயிருக்கியளா?"

"போனவங்கள நெறைய பாத்திருக்கேன்."

"எங்க?"

"எங்க வார்டுல."

இன்றைக்கு அண்ணாச்சி ஒரு யோசனையோடு வந்திருந்தார்.

மிச்சம் பிடிப்பதில் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கரைந்த சோப்புத் துண்டுகளை ஒட்டிப் புதுச் சோப்பு ஆக்குவார். பேச்சியம்மா கொடுத்துவிட்ட பட்டுக்கரை வேட்டி பத்து வருஷமாகப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. லீவைக்கூடச் சேர்த்துதான் வைத்தார், பிற்பாடு ஒரேயடியாகப் போய் இருந்துகொள்ளலாம் என்று.

அப்படிப்பட்டவருக்குத் தண்ணீரை மிச்சம் பிடிக்க யாரும் சொல்லித் தர வேண்டுமா? குடித்தால்தானே கோட்டுக்கு வரும்? குடிக்காவிட்டால்?

சிஸ்டர் முன்னே போனாள். அண்ணாச்சி பின்னே. சிஸ்டர் நின்று குடிக்கும்போதெல்லாம் அண்ணாச்சியும் நின்றார், பாட்டிலை வாயருகே கொண்டுபோனார், உதட்டை நனைத்தார், மூடினார்.

"குடிச்சியளா?"

"ஆச்சு, ஆச்சு."

வெயில் ஏறியது. கீழே நகரம் கலங்கிக்கொண்டு வந்தது. கட்டடங்கள் தரையை விட்டு அரையடி மேலே மிதந்தன. அத்தனை கட்டடங்களுக்குள்ளும் லிஃப்டுகள் ஏறி இறங்குகிற சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது. சுகமாகக்கூட இருந்தது.

பாறைகள் மெதுவாக மூச்சு விட்டன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கால் தானாக நடந்தது. சிஸ்டரின் ஷூ சத்தம் எங்கோ அடுத்த தெருவில் கேட்டது.

ஒரு திருப்பத்தில், பாறையில், அவர் வீட்டுக் கதவு இருந்தது.

அதே பச்சைக் கதவு. அவர் கையால் போட்ட அதே பூட்டு. படியில் பேச்சியம்மா உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியளா?"

"இல்ல ஏட்டி. உச்சிக்குப் போய்ட்டிருக்கேன். அங்க நின்னு உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"நான் இங்கல்லா இருக்கேன்?"

அண்ணாச்சி உச்சியை அண்ணாந்து பார்த்தார்.

பேச்சியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு செம்பை எடுத்து நீட்டினாள். செம்பின் வெளிப்புறம் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"குடிங்க. நம்ம கிணத்துத் தண்ணி."

"பொறவு குடிக்கேன். மேல போயி."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"உங்களுக்கு எப்பவும் பொறவுதான்" என்றாள்.

செம்பை வாங்கக் கையை நீட்டினார். சுடுகிற பாறைதான் கையில் பட்டது.

கண்ணைத் திறந்தபோது ஒரு பாறை நிழலில் சாய்ந்து கிடந்தார். சிஸ்டர் அவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது.

"ஒரு சொட்டுகூடக் குடிக்கலியா?"

"மேல போயி மொத்தமாக் குடிக்கலாம்னு..."

சிஸ்டர் திட்டவில்லை. அவருடைய புறங்கையை எடுத்து, தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டாள். நீர் வற்றிய தோல் கீழே படியாமல் அப்படியே நின்றது. அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடைய கையோ போலிருந்தது.

"பேச்சியப் பாத்தேன் சிஸ்டர்."

"ம்."

"தண்ணி குடுத்தா. நான் வாங்கல்ல."

அழ வேண்டும்போல இருந்தது. நெஞ்சு குலுங்கியது. அழுவதற்கும் உடம்பில் தண்ணீர் வேண்டுமே. ஒரு துளி வரவில்லை.

சிஸ்டர் பாட்டிலைத் திறந்து உப்புச் சர்க்கரைப் பொடியைக் கொட்டிக் குலுக்கினாள்.

"ஒரு மடக்கு. நிறுத்துங்க. இன்னொரு மடக்கு."

ஒவ்வொரு மடக்காக, கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தண்ணீர் எவ்வளவு இனிப்பு என்பது அண்ணாச்சிக்கு ஐம்பத்து மூன்றாம் வயதில் தெரிந்தது. நகரம் மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்தது. கையில் தோல் படிந்தது.

பிறகு கண்ணீர் வந்தது. துடைக்காமல் விட்டார்.

சிஸ்டர் பாட்டிலை அவர் மடியில் வைத்தாள். தண்ணீர் சரியாகப் பிளாஸ்திரிக் கோட்டில் நின்றது.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். உச்சி தலைக்கு மேலேயே இருந்தது. கல்லை விட்டெறிந்தால் விழும் தூரம். அங்கிருந்து ஒரு காற்று வந்தது. அதில் கடல் வாசம் இருந்தது.

"சிஸ்டர்... உங்க பாட்டில்ல மிச்சம் இருக்கா?"

"எனக்கு இறங்குறதுக்கு இருக்கு."

"அப்போ இது?"

"இது உங்களது அண்ணாச்சி. நீங்களே சொல்லுங்க, எதுக்குன்னு."

சிஸ்டர் எழுந்து, இறங்குகிற பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். கூப்பிடவில்லை. காத்திருந்தாள்.

அண்ணாச்சி மடியிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். உச்சியைப் பார்த்தார். மறுபடியும் பாட்டிலைப் பார்த்தார்.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நகரத்து டவருக்கு நேர் எதிரே இருந்ததால் அந்தப் பாறையில் சிக்னல் கிடைத்தது.

"உலகு, வீட்டுச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"எதுத்த வீட்டு அத்தைகிட்ட. எதுக்குப்பா?"

"கதவத் திறந்து போடச் சொல்லு. கிணத்துல ஒரு வாளி எறச்சுப் பாக்கச் சொல்லு, தண்ணி நல்லா இருக்கான்னு."

மகள் அவசரமாகக் கேட்டாள்.

"வாறியளாப்பா? எத்தன நாளைக்கு?"

அண்ணாச்சி பாட்டிலைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"மிச்சம் இருக்கது பூராவும்" என்றார்.