தொப்பி நட்டு

மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரிச் சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில் பூங்கொடியின் சக்கரக் கடை இருந்தது. ஐப்பசியில் மேகம் இறங்கிக் கடைக்குள்ளேயே வந்துவிடும். ஜாக்கியில் தூக்கிய கார்கள் அப்போது தரையை மறந்து மிதப்பதுபோல் தெரியும்.

பூங்கொடிக்கு முப்பத்தெட்டு வயது. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த திருமூர்த்திக்கு ஐம்பத்தைந்து. வேலை பார்த்த மில்லை மூடியபின் வந்து சேர்ந்தவர். அவர் அவளை அம்மணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

வேலை நடக்கும்போது அவள் குறுக்கே பேசமாட்டாள். முழுதாகச் செய்ய விடுவாள். வண்டி வாசலைத் தாண்டுவதற்கு முன் ஒரு தடவை பார்ப்பாள்.

அன்று நின்றது திருமூர்த்தியின் மகன் நித்திலனுடைய கார். இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அலாய் வீல் மாட்ட வேண்டும். மதியம் அதில்தான் மருமகள் மலைமேல் தாய்வீட்டுக்குப் போகிறாள். வளைகாப்பு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

புதிய சக்கரம் தடிமனானது. அதைத் தாண்டி வெளியே வந்த பழைய வீல் போல்ட்டில் நட்டு மூன்று சுற்றுதான் ஏறியது.

“மூணு சுத்து பத்துமா அம்மணி?”

“உங்க பையன் வண்டி. நீங்களே சொல்லுங்க.”

“பத்தாது.”

“அப்ப போல்ட்டை மாத்துங்க. மூணு நீளத்துல வச்சிருக்கேன்.”

“எது போடட்டும்?”

அவள் ஒரு டயரை உருட்டிக்கொண்டு மேகத்துக்குள் போய்விட்டாள்.

திருமூர்த்தி மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மலைப்பாதையின் வளைவுகள் நினைவுக்கு வந்தன. மருமகளின் வயிறு நினைவுக்கு வந்தது. இருப்பதிலேயே நீளமானதை எடுத்தார்.

பழைய போல்ட் பதினாறையும் தட்டி எடுத்தார். புதியதைச் சக்கரம் மாட்டும் ஹப்பின் பின்பக்கமிருந்து இழுத்து உட்கார வைத்தார். அலாய் வீலோடு பளபளப்பான நட்டுகள் வந்திருந்தன. ஒரு முனை மூடியவை, தொப்பி போல. ஸ்பேனரில் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று இறுக்கினார். ஒவ்வொன்றும் கல்லாக நின்றது.

மதியமும் மேகம் விலகவில்லை. முதலில் வளையல் சத்தம் வந்தது. பிறகுதான் மகனும் மருமகளும் தெரிந்தார்கள்.

“என்னப்பா, ரயில் எஞ்சினுக்கு இறுக்குற மாதிரி இறுக்கியிருப்பீங்களே?”

“நீ ஓட்டுற லட்சணத்துக்கு அப்படித்தான் இறுக்கணும்.”

“கேட்டீங்களா அக்கா? குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டறதுக்குள்ள நாலு போன் பண்ணுவாரு.”

“அஞ்சு,” என்றாள் மருமகள். “போன தடவை அஞ்சு, மாமா.”

பூங்கொடி சிரித்துக்கொண்டே வந்து சக்கரத்தின் அருகே குந்தினாள்.

“ஒரு நட்டைக் கழட்டுங்க அண்ணா.”

கழற்றினார். அவள் நாட்காட்டித் தாளில் ஒரு நறுக்குக் கிழித்து, நட்டு வந்து அழுந்தவேண்டிய இடத்தில் வைத்தாள்.

“இப்ப இறுக்குங்க.”

கழுத்து நரம்பு புடைக்க இறுக்கினார். குழாய் முனகியது.

அவள் இரண்டு விரலால் தாளைப் பிடித்து இழுத்தாள். மடிப்புகூட விழாமல் வந்தது.

அடுத்த நட்டிலும் அப்படியே வந்தது. அதற்கடுத்ததிலும்.

நித்திலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“நல்ல நேரம் ஒன்றரைக்கு முடியுதுப்பா. மெதுவா ஓட்டிட்டுப் போறேன். நாளைக்கு வந்து மாத்திக்கலாம்.”

திருமூர்த்தி அவன் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

“நேரம் குறிச்சது நான். தப்பாப் போட்டதும் நான். வண்டி நகராது. ரெண்டு பேரும் உள்ள போய் உக்காருங்க.”

மருமகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை. நேராக அலமாரிக்குப் போனார். நீளமானவற்றில் ஒன்றை எடுத்துத் தொப்பி நட்டை விரலால் திருகினார். ஓரிடத்தில் நின்றது. நடுநீளத்தில் ஒன்றை எடுத்துத் திருகினார். இரண்டையும் மாற்றிமாற்றி, நெடுநேரம் திருகிக்கொண்டிருந்தார்.

பதினாறையும் மறுபடி தட்டி எடுத்தார். நடுநீளத்தைப் போட்டார். எட்டுச் சுற்று ஏறியதும் நட்டு சக்கரத்தில் போய் அழுந்தியது. தொப்பிக்குள் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. இந்தமுறை குழாய் இல்லை. தாளை அவரே வைத்து, அவரே இழுத்தார். பாதி கிழிந்து கையோடு வந்தது. மீதி உள்ளே நின்றுவிட்டது.

அந்த நட்டைக் கழற்றித் தாளைத் துடைத்துவிட்டு மறுபடி இறுக்கினார். மகனிடம் சாவியைக் கொடுத்தார்.

நாலு மணிக்கு அவர்கள் புறப்பட்டார்கள். பின்விளக்கின் சிவப்பு மேகத்தில் கொஞ்ச தூரம் ஊறி, கரைந்து போனது.

திருமூர்த்தி சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“கல்லு மாதிரி நின்னுச்சே அம்மணி. இருக்கிற பலத்தையெல்லாம் போட்டேன். அத்தனையும் எங்க போச்சு?”

பூங்கொடி கைகளைத் துணியில் துடைத்தாள்.

“நட்டோட தொப்பி போய் போல்ட் நுனியில முட்டிக்கிச்சுங்க அண்ணா. நீங்க இறுக்குனதெல்லாம் அது ரெண்டுக்கும் நடுவுலதான். நீங்க அங்க இருந்ததே சக்கரத்துக்குத் தெரியாது.”