யாளிப் பிடி போட்ட ஜப்பான் வாள்

மருதப்பன் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. துறைமுகச் சுங்கச் சாவடியில் பாதி ஆயுசை மூட்டை பிரித்துப் பார்த்தே கழித்த மனுஷன். பஞ்சு மூட்டை என்று யாராவது சொன்னால், உள்ளே பட்டு இருக்கும் என்பான். சில சமயம் இருந்தும் தொலைத்தது, அதுதான் வினை. அந்த வேலையை விட்டு, வாள்களின் பூர்வீகம் பார்த்துச் சொல்லும் ஏகாம்பரக் குருவிடம் சீடனாக வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

ஒரு காலையில் நகரக் காவல் அதிகாரியான கொத்தவாலின் ஆட்கள் ஒரு மாலுமியையும் ஒரு வாளையும் கொண்டுவந்து விட்டார்கள். மாலுமியின் பெயர் வைரவன். வாள் ஜப்பானில் அடித்தது. பிடி மட்டும் நம் ஊர் யாளிமுகப் பிடி. அரண்மனையில் காணாமல்போன வாளும் அச்சு அசலாக இதே மாதிரிதான். சாயங்காலம் கொத்தவால் வருவார். இது அரண்மனை வாள் என்று தெரிந்தால் வைரவனின் வலது கையை வெட்டிவிடுவார்கள்.

"எங்க தாத்தா கப்பல்ல ஒரு ஜப்பான்காரர்கிட்ட வாங்கினதுங்க," என்றான் வைரவன். "அவங்க வீட்டுப் பழைய வாளாம். பிடியை எங்கப்பா மாத்தினாரு."

"சாட்சி யாரு?" என்றான் மருதப்பன்.

"ரெண்டு பேரும் இப்ப இல்லீங்க. நான் சொல்றதுதான்."

"கதை நல்லாத்தான் இருக்கு."

குரு மருதப்பனிடம் வாளைக் கொடுத்தார். "பிடியைக் கழட்டு. உள்ள இருக்கிறதை அப்படியே கொண்டு வா."

பிடிக்குள் அரக்கை உருக்கி ஊற்றி, வாளின் வாலை, அதாவது பிடிக்குள் போகும் அடிப்பகுதியை, அதில் செருகுவது நம் ஊர் வழக்கம். மருதப்பன் கொல்லையில் பிடியைத் தணலில் காட்டினான். அரக்கு இளகி வாள் தனியே வந்தது. வால் கன்னங்கரேலென்று இருந்தது.

அட திருட்டுப் பயலே, அரண்மனை முத்திரையை மறைக்கக் கரி பூசியிருக்கிறாயா என்று நினைத்தான் அவன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தான். கறுப்பு அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. பொழுது சாயும்வரை விடாமல் தேய்த்து, பளபளவென்று ஆக்கிக் கொண்டுபோய் நீட்டினான்.

குரு பார்த்தார். "எடுக்கும்போதே இப்படியா இருந்தது?"

"இல்லீங்க ஐயா. கறுப்பா என்னமோ பூசியிருந்தான். தேய்ச்சு எடுத்துட்டேன். முத்திரையைத்தான் காணோம்."

"அரண்மனை வாளுக்குப் பிடி போட்டது நான்," என்றார் குரு. "புதுசா அடிச்சு வந்த வாள். வால் இதே மாதிரி வெள்ளையா இருந்தது, முத்திரையெல்லாம் கிடையாது. பழைய வாள்னா வாலைத் தேய்க்கவே மாட்டாங்க ஜப்பான்காரங்க. தலைமுறை தலைமுறையா துரு ஏறி அது கறுத்துப்போகும். அதை வெச்சுத்தான் வயசு சொல்றது."

"அப்போ இது..."

"அவன் தாத்தா வாங்கினதுதான். தேய்ச்ச தண்ணி எங்கே?"

"வாய்க்கால்ல கொட்டிட்டேன்."

தெருமுனையில் கொத்தவாலின் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. வைரவன் முற்றத்து மூலையில் கட்டிய கைகளோடு உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, கறுப்பா இருந்ததுன்னு நீங்க சொன்னா அவர் நம்புவார்."

"நான் பார்த்தது வெள்ளையை. பார்க்காததை எப்படிச் சொல்றது?"

"அப்போ நானே சொல்றேன். நான்தான் தேய்ச்சேன்னு ஒத்துக்கறேன்."

"சொல்லு. மாலுமி உனக்கு என்ன கொடுத்தான்னு கேப்பார்."

"ஐயோ, சத்தியமா ஒண்ணும் கொடுக்கலீங்க."

"சாட்சி யாருன்னு கேப்பார்."

"நான் சொல்றதுதான்... என் வார்த்தையை நம்பலேன்னா, நான் என்னதான் செய்யறது ஐயா?"

குரு முற்றத்து மூலையைக் காட்டினார்.

"அதைத்தான் காலையிலேருந்து அவன் உன்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கான்."