பின் இருக்கை

மரகதம்மாளின் மடத்தில் ஏழு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் மூத்தவள் செண்பகவல்லி. குரு மரகதம்மாளைவிடவே பத்து வயது பெரியவள். யார் எத்தனை குடம் தண்ணீர் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

யாத்திரையாகக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தார்கள். ஒரு காலை குரு, "தீவுகளைப் பார்த்துட்டு வரலாம், வாங்கக்கா" என்று செண்பகவல்லியை அழைத்தார்.

ஒரு தீவில் பழைய கோட்டைச் சுவர் இருந்தது. இன்னொன்றில் ஒரு கிணறு. கப்பலில் நோயோடு வந்தவர்களை அந்தக் காலத்தில் அங்கேதான் இறக்கிவிடுவார்களாம். வழியில் ஆழம் இல்லை, பெரிய படகு தரைதட்டும். அதனால் கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகு. ஒன்றில் இரண்டு பேர், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர்.

குரு முன்னால் உட்கார்ந்தார். செண்பகவல்லி பின்னால் உட்கார்ந்தாள். கரையை விட்டதுமே ஆரம்பித்தாள்.

"அம்மா, தெய்வானையை மடத்தை விட்டு அனுப்பிடுங்க."

"எதுக்குக்கா?"

"கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு நிப்பா. கிண்டுறது நாங்க. சாப்பாட்டுக்கு மட்டும் முதல் ஆள். உங்களைக் கண்டா ஒரே நடிப்பு."

"அவளுக்குப் போக இடம் இருக்கா?"

"அது அவ பாடு."

"மத்தியானம் முடிவு பண்ணலாம்" என்றார் குரு.

கால் மணி நேரத்தில் செண்பகவல்லிக்குத் தோள் வலித்தது. துடுப்பை மடியில் வைத்தாள். கயாக் நிற்கவில்லை. குருவின் துடுப்பு இடமும் வலமுமாக விழுந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் போடலாம் என்று நினைத்தாள். கோட்டைத் தீவில் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்கள். அப்போதும் அப்படியேதான் நினைத்தாள்.

வழிகாட்டி மிக்கேல் தன் கயாக்கைப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"என்னக்கா, பல்லக்கு சுகமா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

கிணற்றுத் தீவின் மணல் தெரிந்ததும் துடுப்பைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். முந்தானையில் நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டாள்.

கிணற்றின் விளிம்புக் கல்லில் கயிறு உரசிய தடங்கள் ஆழமாக இருந்தன.

"எழுந்து நிக்க முடிஞ்சவன், முடியாதவனுக்கும் சேர்த்து இறைச்சானாம்" என்றான் மிக்கேல். "எங்க தாத்தா சொல்லுவாரு."

நிழலில் உட்கார்ந்து தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

"தோள் வலிக்குதாக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குரு அவள் தோளைப் பிடித்துவிட்டார். அவர் உள்ளங்கை சொரசொரவென்று பட்டது. செண்பகவல்லி ஓரக்கண்ணால் பார்த்தாள். இரண்டு கொப்புளங்கள். ஒன்று உடைந்திருந்தது.

மிக்கேல் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டான்.

"தெய்வானை விஷயம் சொன்னீங்களே. அனுப்பிடலாமா?"

செண்பகவல்லி கையில் எடுத்த சோற்றைப் பொட்டலத்திலேயே வைத்தாள்.

"இருக்கட்டும்மா."

"நடிக்கிறான்னு சொன்னீங்க."

"இருக்கட்டும்மா. இருந்துட்டுப் போகட்டும்."

குரு பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்தார்.

திரும்பும்போது செண்பகவல்லி தானாகவே முன்னால் போய் உட்கார்ந்தாள். நிறுத்தாமல் துடுப்புப் போட்டாள். தோள் எரிந்தது, போட்டாள். பின்னால் குரு துடுப்புப் போடுகிறாரா, சும்மா இருக்கிறாரா? காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. பார்க்க வேண்டும்போல் இருந்தது. கழுத்து திரும்பவில்லை. எந்த முகத்தோடு திரும்புவது?

பாதித் தூரம் வந்ததும், எதிரே இருந்த தண்ணீரைப் பார்த்தே சொன்னாள்.

"காலையில வரும்போது நான் துடுப்பே போடலம்மா."

"தெரியும்."

"எப்பலருந்து?"

"நீங்க கையெடுத்ததுமே கயாக் கனத்துப்போச்சு."

செண்பகவல்லியின் கண்கள் நிறைந்தன. நல்லவேளை, பின்னால் இருப்பவருக்கு அது தெரியாது.

"தெரிஞ்சுமா? ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாமே. பார்த்திருந்தா அப்பவே எடுத்துப் போட்டிருப்பேனே. ஏம்மா பார்க்கல?"

"திரும்பினா கயாக் ஆடும்க்கா. உங்களுக்கு நீச்சல் தெரியாது."