கேட்டால்தான் போண்டா

"போண்டா திங்கறதுக்கா டீச்சர், நாமக்கல்ல இருந்து பஸ் ஏறி வர்றேன்?"

சபாபதி கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். பசியும் இருந்தது.

மெஹ்ருன்னிசா டீச்சர் வெறும் தட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டார்.

சபாபதி நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார். தலை நரைத்தவர். பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர்.

மெஹ்ருன்னிசா கரூர்க்காரர். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் நர்சுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறவர். வயதில் சபாபதியைவிட ரொம்பச் சின்னவர். பதக்கம் எதுவும் கிடையாது. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் அயல்மொழி நடத்துகிறவர்களுக்கு ஒரு சிக்கல் என்றால் அவரிடம்தான் வருவார்கள்.

வந்து வந்து அது ஒரு வட்டமாகிவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில், அவருடைய வகுப்பறையில் கூடுவார்கள். யாராவது ஒருவர் மாதிரிப் பாடம் நடத்துவார். புத்தகங்களை மாற்றிக்கொள்வார்கள். எங்கே வேலை காலியிருக்கிறது, எங்கே பயிற்சி நடக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

அங்கே வந்த பிறகு ஈரோட்டு ஸ்பானிஷ் டீச்சருக்கு வெளிநாட்டுப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஒருவருக்கு ஏற்றுமதி கம்பெனியில் மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. ஜப்பானிய மொழி நடத்தும் லோகநாதனின் மாணவர்கள் ஜப்பானில் ஒரு வகுப்போடு வாரம் தவறாமல் வீடியோவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சபாபதிக்கு ஒரு போண்டாகூடக் கிடைக்கவில்லை.

போண்டா கொடுப்பதில் அந்த வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தின் பாதியில் கீழ்க்கடையிலிருந்து சூடாக போண்டா வரும். டீச்சர் பாத்திரத்தோடு நிற்பார். தானாக யாருக்கும் வைக்க மாட்டார்.

கேட்டால்தான் போண்டா. தமிழில் கேட்கக் கூடாது. ஆங்கிலத்தில் கேட்கக் கூடாது. தான் நடத்தும் மொழியிலும் கேட்கக் கூடாது. அரைகுறையாகத் தெரிந்த வேறொரு மொழியில் கேட்க வேண்டும்.

கேட்பார்கள். காதுகொடுத்துக் கேட்க முடியாது. ஸ்பானிஷ் டீச்சர் ஜப்பானிய மொழியைக் கடித்து மென்று துப்புவார். லோகநாதன் ஜெர்மனில் ஒரு போண்டா கேட்கப்போய் ஒரு நாற்காலி கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள், எல்லாரும் தின்பார்கள்.

சபாபதி மட்டும் ஜன்னல் ஓரமாக நிற்பார். முப்பது வருஷமாகத் தப்பைத் திருத்திய வாய். அந்த வாயிலிருந்து ஒரு தப்பு வரலாமா?

அவர் வந்ததே வேறு காரியத்துக்கு.

முதல் தடவை வந்தபோது டீச்சரிடம் தனியாகச் சொன்னார். "பிள்ளைங்க பிரெஞ்சை விட்டுட்டு ஓடுதுங்க டீச்சர். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறப்ப ஒரு வகுப்புக்கு ஆள் சேரலைன்னா பாடத்தையே எடுத்துடறேன்னு தாளாளர் சொல்லிட்டாருங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

எந்தப் புத்தகத்தை வைத்து நடத்தலாம், எந்தப் பயிற்சிக்குப் போகலாம், புது முறை ஏதாவது இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். டீச்சர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"போண்டா சாப்டீங்களா சார்?"

"இல்லீங்க."

"சாப்பிடுங்க. அப்பறம் பேசலாம்."

அவர் சாப்பிடவில்லை. அதனால் பேசவும் இல்லை.

அடுத்த மாதம் லோகநாதன் பிரெஞ்சில் போண்டா கேட்டார். பக்கத்தில் பிரெஞ்சு வாத்தியார் நிற்கிறாரே என்ற மரியாதைக்காகக் கேட்டார்.

வாக்கியம் பாதி தாண்டவில்லை, சபாபதி திருத்தினார். லோகநாதன் முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி திருத்தினார். உச்சரிப்பைத் திருத்தினார். உதட்டை எப்படிக் குவிப்பது என்று காட்டினார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அதில் சந்தேகமே இல்லை.

வரிசை பின்னால் நீண்டுகொண்டே போனது. போண்டா ஆறிக்கொண்டே வந்தது.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி சார்" என்றார் லோகநாதன். தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் பிரெஞ்சில் போண்டா கேட்கவில்லை. இங்கேயும் பிரெஞ்சுக்கு மதிப்பில்லை என்று சபாபதி டீச்சரிடம் குறைப்பட்டுக்கொண்டார். டீச்சர் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை ஒரு முடிவோடு வந்தார். கல்லூரியில் கொஞ்சம் ஜெர்மன் படித்திருந்தார். பஸ்ஸிலேயே வாக்கியத்தைக் கட்ட ஆரம்பித்தார். கரூர் வந்தபோது எழுவாய் சரியாக இருந்தது. மாடி ஏறும்போது வினைச்சொல் சரியாகிவிட்டது. வரிசையில் நிற்கும்போது ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. வரிசையை விட்டு விலகி நின்று யோசித்தார்.

சந்தேகம் தீர்ந்தது. வாக்கியம் அப்பழுக்கில்லாமல் நின்றது. போண்டாவும் தீர்ந்திருந்தது.

அன்றைக்குத்தான் அந்தக் கோபக் கேள்வியைக் கேட்டார். டீச்சர் வெறும் தட்டைக் கொடுத்தார்.

சபாபதி அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஊருக்குப் போனார்.

இனிமேல் போவதில்லை என்றுதான் இருந்தார். ஆனால் தாளாளர் மறுபடி கூப்பிட்டுச் சொன்னார். உங்கள் வகுப்பு மாதிரி அமைதியான வகுப்பு இந்தப் பள்ளிக்கூடத்திலேயே கிடையாது சார், ஆனால் பிள்ளைகள் சேர மாட்டேன் என்கிறார்களே, நான் என்ன செய்யட்டும் என்றார்.

அது உண்மைதான். சபாபதி வகுப்பில் பிரெஞ்சில்தான் பேச வேண்டும். சரியாகப் பேச வேண்டும். அதனால் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

நான்காவது தடவையும் பஸ் ஏறினார். வேறு போக்கிடம் இல்லை.

அன்றைக்குப் பார்த்து வழியில் மோகனூர்ப் பக்கம் பஸ் நின்றுவிட்டது. வெயிலில் ரொம்ப நேரம் நின்று வேறு பஸ் பிடித்து வந்தார். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. மாடி ஏறியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாத்திரத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

வாக்கியம் கட்ட நேரமில்லை. தட்டை நீட்டினார். வாய் திறந்தது.

ஒரு சொல் ஜெர்மன். அடுத்தது பிரெஞ்சு. மூன்றாவது எந்த நாட்டிலும் கிடையாது. நடுவில் ஒரு "வந்துங்க" வேறு.

அறை முழுக்க வாத்தியார்கள். தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள். சபாபதி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

தட்டில் கனம் இறங்கியது. ஒன்று. இன்னொன்று.

சட்னி வேண்டுமா என்று டீச்சர் ஜெர்மனில் கேட்டார். வேண்டும் என்றார். ஏன் இவ்வளவு நேரம் என்று டீச்சர் கேட்டார். பஸ் செத்துப்போச்சு என்றார் சபாபதி. அவருக்கு வந்த சொல் அதுதான். ஐயோ பாவம், எங்கே என்று டீச்சர் கேட்டார். மோகனூர், வெயில், தண்ணீர் இல்லை, நடந்தேன் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் போட்டார். டீச்சர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார்.

லோகநாதன் தண்ணீர் செம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சபாபதி உட்கார்ந்து தின்றார். முதல் போண்டா தொண்டையில் இறங்கும்போதுதான் தெரிந்தது, தான் இவ்வளவு நேரமும் ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தோம் என்று. அவருக்கு அழுகை வந்தது. அந்த வயதில், அத்தனை பேர் நடுவில், வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. லோகநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பிடித்துத் திருத்தியது ஞாபகம் வந்தது.

"ரொம்ப நன்றிங்க" என்றார் தமிழில்.

லோகநாதன் சட்னிக் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பும்போது டீச்சர் அவரிடம் வந்தார்.

"போண்டா சாப்டாச்சு. இனி பேசலாம் சார். ஏதோ புத்தகம், பயிற்சின்னு கேட்டீங்களே?"

சபாபதி யோசித்துப் பார்த்தார்.

"இல்லீங்க டீச்சர். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

அப்புறம் சில மாதம் அவர் வரவில்லை. பரீட்சை வந்தது, விடுமுறை வந்தது, பள்ளிக்கூடம் திறந்தது.

திறந்த பிறகு வந்த கூட்டத்துக்கு சபாபதி ஒரு பெரிய டப்பா நிறையப் பால்கோவா எடுத்துக்கொண்டு வந்தார். டீச்சர் போண்டாப் பாத்திரத்தை ஓரமாக வைத்தார். இன்றைக்கு நீங்களே கொடுங்கள் என்று அவரைக் கதவருகே நிறுத்தினார்.

வரிசையில் முதலாவதாக லோகநாதன் நின்றார். ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு பிரெஞ்சில் கேட்டார். உதடு குவியவில்லை.

சபாபதி இரண்டு கரண்டி வைத்தார். இன்னும் வேண்டுமா என்று பிரெஞ்சிலேயே கேட்டார். லோகநாதன் வேண்டும் என்றார்.

அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் பிரெஞ்சில் கேட்டார்கள்.

டப்பா காலியான பிறகு சபாபதி விஷயத்தைச் சொன்னார். பிரெஞ்சுக்கு ஒரு வகுப்புக்கு மேலேயே பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். தாளாளர் பாடத்தை எடுக்கவில்லை. ஒரே ஒரு குறை, பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் பிரெஞ்சு வகுப்பின் இரைச்சல் தாங்க முடியவில்லை என்று புகார் செய்திருக்கிறார்.

சொல்லிவிட்டுக் கை கூப்பினார். "உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைங்க. இந்த மாடிப்படி ஏறலைன்னா நான் இன்னேரம் வீட்ல உக்காந்திருப்பேன்."

மெஹ்ருன்னிசா டீச்சருக்கு ரொம்ப சந்தோஷம். மறைக்காமல் சிரித்தார். முதலில் எது மாறியது என்று கேட்டார்.

கடைசி பெஞ்சில் ஹர்ஷிதா என்று ஒரு பிள்ளை என்றார் சபாபதி. அந்த வருஷம் முழுக்க வாயே திறக்காத பிள்ளை. இங்கே அவர் போண்டா தின்ற மறுநாள், அது திடீரென்று எழுந்து நின்று, தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று பிரெஞ்சில் கேட்டது. வெயில் அப்படி.

"சரியா கேட்டுச்சா சார்?"

சபாபதி யோசித்தார். நன்றாக யோசித்தார்.

"தெரியலைங்க டீச்சர். போயிட்டு வா, எனக்கும் ஒரு டம்ளர் கொண்டான்னேன். கொண்டாந்துச்சு. குடிச்சுட்டேன்."