முயல் எத்தித் தள்ளின ஆட்டம்

ஒரு காட்டுல கோடை வந்துச்சு, குட்டையெல்லாம் வத்திப்போச்சு. மிச்சம் ஒரே ஒரு சுனை. அதுக்கு முன்னாடி ஒரு கரடி சம்மணம் போட்டு உக்காந்துடுச்சு. சும்மா உக்காந்தா பரவாயில்ல. அது சதுரங்கப் பைத்தியம்.

பாறையில கட்டம் கீறி, கூழாங்கல்லைக் காயா, பாதி ஆட்டத்துல நிக்கிற மாதிரி அடுக்கி வெச்சுட்டு கரடி சொல்லுச்சு: "வெள்ளை உங்களுக்கு, கறுப்பு எனக்கு. இப்ப உங்க முறை. தப்பா ஒரு காயை நகத்தினா, நான் நகத்துற அடுத்த காயில உங்க ராஜா காலி. குடும்பத்துக்கு ஒரு வாய்ப்பு. ஜெயிச்சா கோடை முழுக்கத் தண்ணி. தோத்தா மலையைத் தாண்டி நடங்க. பாறையோட நிழல் தண்ணியைத் தொட்டா கடை மூடியாச்சு."

வெடுக்கின்னு ஒரு முயல். அதுக்கு மூணு குட்டி. மலை தாண்டுற வயசு இல்ல. மூணும் நாக்கைத் தொங்கப்போட்டு அம்மா மூஞ்சியையே பாத்துச்சு.

முந்திக்கிட்டு வந்தது குரங்கு. "யோவ் கரடி, ஓரத்துல உன் யானை கேக்க நாதியில்லாம நிக்குதே!" ராணியால அதை வெட்டி, கல்லைக் கன்னத்துல அடக்கிக்கிச்சு.

கரடி ஒரே ஒரு காயை நகத்துச்சு. "ராஜா காலி. யானையை மென்னுக்கிட்டே மலை ஏறு."

காயெல்லாம் பழைய இடத்துக்கே வந்துச்சு. குரங்கு மட்டும் கல்லைத் துப்பல. அதனால யானைக்குப் பதிலா ஒரு புளியங்கொட்டை.

அந்தப்பக்கம் எறும்புத்தின்னி காலையிலேர்ந்து எண்ணிக்கிட்டு இருந்துச்சு. "மொத சிப்பாய் ஒரு கட்டம் போனா கரடிக்கு இருபத்தெட்டு பதில். அந்த ஒவ்வொண்ணுக்கும் எனக்கு முப்பது..."

"அண்ணே, நீங்க முடிக்கிறதுக்குள்ள மழையே வந்துடும். அப்புறம் சுனை எதுக்கு?"ன்னுச்சு வெடுக்கி.

"ஒண்ணையும் விடக்கூடாது தாயி."

வெடுக்கி வழியே வேற. காயை நகத்தக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் ஒரு இலை வெக்கும். பிடிக்கலைன்னா வளை தோண்டுற மாதிரி பின்காலால ஒரே எத்து. "இது சொத்தை. இது சோம்பேறி. ராணியைக் கொண்டுபோய் யானை வாயில குடுக்குறதா? த்தூ!" எத்து. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள ரெண்டே இலை மிச்சம்.

அந்த ரெண்டையும் மனசுக்குள்ள நிதானமா ஆடிப் பாத்துச்சு. மொதல்லயும் ராஜா காலி. ரெண்டாவதுலயும் ராஜா காலி.

நிழல் தண்ணிக்கு ஒரு முழம் தூரத்துல நின்னுச்சு. கடைசிக் குட்டி தரையில படுத்துடுச்சு.

வெடுக்கி மெதுவாத் திரும்பி, தன் முதுகுக்குப் பின்னாடி கிடந்த குப்பையைப் பாத்துச்சு.

"பிடிச்சது ரெண்டும் தப்பு. அப்ப சரியானது நான் எத்தினதுலதான் கிடக்கு."

குப்பையைக் கிளறி, கரடியோட ராஜாவை நேரா மிரட்டுற இலையா ஒண்ணை எடுத்துச்சு. எது? த்தூன்னு துப்பின அதே இலை.

"அண்ணே, எல்லாத்தையும் விடுங்க. இது ஒண்ணை மட்டும் எண்ணுங்க!"

"ராணி அவன் ராஜா பக்கத்துல போய் நிக்குது. ராஜா வெட்ட முடியாது, நம்ம குதிரை காவல் இருக்கு. ஓட இடமும் இல்ல. யானைதான் வெட்டணும்." எறும்புத்தின்னிக்குக் கண்ணு விரிஞ்சுது. "ஒரே ஒரு பதில்! இவ்வளவு குட்டிக் கணக்கை நான் பாத்ததே இல்ல தாயி!"

"யானை வந்து நின்னப்புறம் ராஜாவைச் சுத்தி யாரு?"

"ராஜா மூலையில. இந்தப் பக்கம் அவன் யானை. மத்தப் பக்கமெல்லாம் அவன் சிப்பாய். வாசலே இல்ல."

வெடுக்கி ராணியைக் கொண்டுபோய் வெச்சுது.

கரடி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுது. "ராணி ஓசியா? ரொம்ப நன்றிம்மா!" யானையால வெட்டுச்சு.

வெள்ளைக் குதிரை ஒரே தாவு. "ராஜா!"

கரடி ராஜாவை இப்படி நகத்தப் பாத்துச்சு, யானை இடிச்சுது. அப்படி நகத்தப் பாத்துச்சு, சிப்பாய் இடிச்சுது. குதிரையை வெட்ட எந்தக் காயும் எட்டல. எந்திரிச்சு வழி விட்டுச்சு.

மூணு குட்டியும் மூக்கு வரைக்கும் தண்ணியில முங்குச்சுங்க. "இது ரெண்டு வீட்டு ஆட்டம், வாங்கண்ணே"ன்னு வெடுக்கி எறும்புத்தின்னியையும் கூப்பிட்டுச்சு.

மலைப்பாதையில குரங்கு நின்னு திரும்பிப் பாத்துச்சு. வாயில யானை இருந்துச்சு. தண்ணிதான் இல்ல.

நீதி: வேண்டாம்னு தள்ளுறதுக்கு முன்னாடி, அதுக்கு எதிராளி என்ன பண்ண முடியும்னு ஒரு தடவை பாரு.