டீ குடித்தவர் யாரும் சாகவில்லை

ஓர் அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவுத் தலைவர் டாக்டர் தணிகாசலம். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஒருநாள் புதிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றோடு கூட்டத்துக்கு வந்தார். பாம்பு கடித்தவர்களுக்கு ஒரு மாத்திரை. அதைச் சாப்பிட்ட அத்தனை பேரும் பிழைத்திருந்தார்கள்.

"நாளையிலிருந்து முதல்ல இந்த மாத்திரை. விஷமுறிவு ஊசி அப்புறம் போதும். யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

கட்டுரையை முழுக்கப் படித்திருந்த பயிற்சி மருத்துவர் ஷமீமா எழுந்தாள். "சந்தேகம் இல்லை சார். இதே பலன் தர்ற மருந்து நம்ம கேன்டீன்லயே இருக்கு. டீ. பாம்பு கடிச்சு வந்தவங்கள்ல மறுநாள் காலையில டீ குடிச்ச யாருமே சாகலை."

தலைவர் சிரித்தார். "உட்கார்ந்து டீ குடிக்கிறவன் அதுக்கு முன்னாடியே பிழைச்சுட்டான்மா. அதுல டீக்கு என்ன பெருமை?"

"இந்தக் கட்டுரை எழுதினவங்களும் மாத்திரையை மறுநாள் காலையிலதான் கொடுத்திருக்காங்க சார். ராத்திரியே இறந்தவங்களைக் கணக்குல சேர்க்கலை."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. கூட்டம் அத்தோடு முடிந்தது.

மறுநாள் மதியம், பாம்பு கடித்துக் கண்கள் சொருகிய நிலையில் ஒரு விவசாயியைத் தூக்கி வந்தார்கள். தலைவர்தான் முதலில் ஓடி வந்தார்.

"ஊசியை எடும்மா ஷமீமா" என்றார்.